பொங்கல் முடிந்ததும் தர்பூசணி விதை போடுங்கள்

வீட்டில் தர்பூசணி வளர்ப்பது பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான் கேட்கிறார்கள். சாலையோரம் பழம் குவிந்து கிடப்பதைப் பார்த்ததும் ஆசை வந்துவிடுகிறது. ஆனால் திண்டிவனம், மரக்காணம் பக்கமிருந்து அந்த நேரத்தில் வண்டி வண்டியாக வரும் பழங்களுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே விதை போட்டிருப்பார்கள். வீட்டுக்கும் அதே கணக்குதான். மழை விட்ட பிறகு விதைத்து, கொடி ஓடும்போது வெயில் ஏறிக்கொண்டே போய், காய் முற்றும் நாட்களில் சுள்ளென்ற வெயிலும் காய்ந்த காற்றும் இருந்தால்தான் இனிப்பு ஏறும். ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்கள் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுவுக்குள் விதைத்துவிடுங்கள். பொங்கலை ஒட்டிப் போட்டால் ஏப்ரல் முதல் பாதியில் பழம் வெட்டலாம். மார்ச்சில் போட்டாலும் கொடி வரும், ஆனால் இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான இலைப்பேனும் வெக்கையும் சேர்ந்து அதைப் படுத்தி எடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போடலாமா என்றால், வேண்டாம். மழைக்காலத்தில் இலை முழுக்க நோய் வரும், தப்பித் தவறிக் காய்த்தாலும் பழம் சப்பென்று இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தர்பூசணிக் கொடி வளர்வது கஷ்டமே இல்லை, புடலை, பூசணி வளர்த்தவர்களுக்கு அது புதிதாகவே தெரியாது. பழம் கைவிட்டுப் போவது இரண்டு இடங்களில்தான்: பூ பூக்கும் காலைகளிலும், அறுவடைக்கு முந்தைய பத்து நாட்களிலும். மற்ற வேலைகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இந்த இரண்டில் மட்டும் அசரக் கூடாது.

என்ன விதை வாங்குவது

வீட்டுக்குச் சின்னப் பழம் காய்க்கும் ரகம்தான் சரி. எட்டுக் கிலோ, பத்துக் கிலோ பழத்தை ஒரு கொடி சுமக்க அதற்கு நிறைய மண்ணும் இடமும் வேண்டும், பழத்தை வெட்டினால் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரே நாளில் தின்று முடிக்கவும் முடியாது. சுகர் பேபி என்ற பழைய ரகம் விதைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கரும்பச்சைத் தோல், உருண்டைப் பழம், இரண்டு முதல் ஐந்து கிலோ வரை வரும், நல்ல இனிப்பு. பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா முத்து கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கொடி சுமார் 1.2 மீட்டர்தான் ஓடும், கணுக்கள் நெருக்கமாக இருக்கும், 75 முதல் 80 நாளில் பழம் தயார், பழம் இரண்டரை மூன்று கிலோ. மாடித்தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ரகம் எனக்குத் தெரியாது. அதே நிறுவனத்தின் அர்கா மாணிக் பழம் ருசியானது, ஆனால் பெரிது, கொடியும் நீளமாக ஓடும். தரையில் தாராளமாக இடம் இருப்பவர்கள் அதைப் போடலாம்.

கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைப் போடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். போட்டால் முளைக்கும், காய்க்கவும் காய்க்கும். ஆனால் இப்போது சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி வீரிய ஒட்டு ரகங்கள், அவற்றின் விதையிலிருந்து அதே பழம் வராது, ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாக இருக்கும். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கப் போகிறீர்கள், விதைக்கு ஒரு சிறு தொகை செலவழிப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள். விதையில்லா தர்பூசணியை முதல் வருடம் தொடவே வேண்டாம். அது முளைப்பதும் சிரமம், காய் பிடிக்கப் பக்கத்தில் விதையுள்ள ரகம் ஒன்றும் பூத்திருக்க வேண்டும்.

பக்கத்தில் பூசணியோ வெள்ளரியோ இருந்தால் மகரந்தம் கலந்து தர்பூசணி இனிக்காமல் போகும் என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையில்லை. அவை ஒன்றோடொன்று கலக்காது. இரண்டு தர்பூசணி ரகங்களை அருகருகே வைத்தால் கலக்கும், அதுவும் உள்ளே இருக்கும் விதையைத்தான் பாதிக்கும், இந்த வருடம் நீங்கள் வெட்டப்போகும் பழத்தின் ருசியை மாற்றாது.

இடமும் மண்ணும்

நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் எட்டு மணி நேரம் நேர் வெயில் விழும் இடம் வேண்டும். மாமரத்தடியில், பக்கத்து வீட்டு நிழலில் வைத்தால் கொடி மட்டும் நீளும். நிழல்வலைக்குக் கீழேயும் வைக்காதீர்கள்.

தரையில் போடுபவர்கள் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். எடுத்த மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு கூடை, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து குழியை நிரப்பி, தரை மட்டத்தைவிட அரை அடி மேடாகக் குவித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால்தான் இந்த மேடு. மணல் கலந்த செம்மண் இதற்குப் பிடித்தமானது, களிமண் பூமியாக இருந்தால் ஆற்று மணலோ எம்-சாண்டோ கலந்து இளக்கிக்கொள்ளுங்கள். குழியை நிரப்பி ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் தெளித்து ஆறவிட்ட பிறகு விதையுங்கள். உரம் பச்சையாக இருந்தால் அதன் சூட்டிலேயே முளை கருகிவிடும். குழிக்குக் குழி ஆறடி இடைவெளி விடுங்கள், கொடி ஓடத் தொடங்கியதும் ஏன் என்று தெரியும்.

மாடியில் என்றால் குரோ பேக் பெரியதாக இருக்க வேண்டும். தக்காளி, கத்தரிக்கு வாங்கும் பை இதற்குப் போதாது. 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள பையில் சுமார் 75 லிட்டர் கலவை பிடிக்கும், அதில் ஒரு செடி, மிஞ்சினால் இரண்டு. பழைய தண்ணீர் டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் ஓட்டை போட்டாலும் அருமையாக இருக்கும். செம்மண், கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி (வேர் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி). கோகோபீட்டை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை வெளியேற்றிவிட்டுக் கலக்குங்கள். அப்படியே கொட்டினால் இலை ஓரம் கருகும், எதனால் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். இந்தப் பை நனைந்திருக்கும்போது 60 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர் வரும் ஓரங்களில், கீழே பீம் இருக்கும் இடத்தில் வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள்.

விதைப்பது

பொட்டலத்தில் விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியது மாதிரி இருந்தால் அது பூஞ்சாண மருந்து கலந்தது. அதைக் கையால் அளைய வேண்டாம், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம், ஊறவும் வைக்காமல் நேராக மண்ணில் போட்டுவிட்டுக் கை கழுவிவிடுங்கள். மருந்து பூசாத விதையாக இருந்தால் ஆறேழு மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியில் பிரட்டி விதைக்கலாம்.

ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை, விரலின் முதல் கணு ஆழம், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். மேலே பொடிமண் தூவிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். நம் ஊர் ஜனவரிச் சூட்டில் ஐந்தாறு நாளில் முளைத்துவிடும், பனி அதிகமாக உள்ள பக்கங்களில் பத்து நாள்கூட ஆகலாம். எலியும் அணிலும் விதையைத் தோண்டித் தின்னும், அதனால் முளைக்கும் வரை கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைப்பது நல்லது. முளை தலைகாட்டிய அன்றே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் மறந்தாலும் வெளிறி நீண்டுவிடும்.

நாற்று விட்டு நடலாம் என்றால் காகிதக் கப்பில் விதைத்து, இரண்டு நிஜ இலை வந்ததும் கப்பின் அடியைக் கிழித்துவிட்டு அப்படியே மண்ணோடு இறக்குங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. முடிந்தவரை நேரடியாக விதைப்பதையே நான் சொல்வேன்.

மூன்றாவது இலை வந்ததும் குழியில் நன்றாக இருக்கும் இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரியால் தரையோடு வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து வரும். நன்றாக இருக்கும் செடியை வெட்ட மனசு வராதுதான், ஆனால் நான்கையும் விட்டால் நான்கும் சோப்ளாங்கியாகத்தான் வரும்.

இந்தச் சின்ன வயதில்தான் சிவப்பு வண்டு வரும். செம்பொன் நிறத்தில், விரல் நகத்தில் பாதி அளவு இருக்கும், முளைத்ததும் முதலில் விரியும் வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். ஒரே இரவில் செடி காலியாவது உண்டு. அதிகாலையில் அது மந்தமாக இருக்கும், அப்போது கையால் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே சாம்பலை மெல்லிய துணியில் கட்டித் தட்டிவிட்டால் வண்டு கிட்டே வரத் தயங்கும். நான்கைந்து இலை தாண்டிவிட்டால் செடி அதுவாகவே தாங்கிக்கொள்ளும்.

தண்ணீரும் உரமும்

தர்பூசணிக்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று பெயரைக் கேட்டவுடனே நினைத்துக்கொள்கிறோம். பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பது உண்மை. ஆனால் செடிக்கு வேண்டியது சீரான தண்ணீர். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் குளம் கட்டுவது போல ஊற்றினால் காய் வெடிக்கும், பூ முனைப் பக்கம் கருத்து அழுகும். அழுகலைப் பார்த்ததும் நோய் என்று மருந்து தேடுவார்கள், அது செடிக்குள் சுண்ணாம்புச் சத்து சரியாகப் போய்ச் சேராததால் வருவது, பெரும்பாலும் தண்ணீர் ஏறி இறங்கியதுதான் காரணம்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். தரையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும், பையில் தினமும் காலையில், காய் பெருக்கும் மார்ச் மாத நாட்களில் சில சமயம் மாலையிலும். மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்துப் பதறிக் குடத்தைத் தூக்காதீர்கள், அந்த வெயிலில் தொங்கத்தான் செய்யும், மாலையில் நிமிர்ந்துவிட்டால் குறையொன்றும் இல்லை. காலையிலும் தொங்கினால்தான் கவலை. தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையை நனைக்காதீர்கள். வேரைச் சுற்றி வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த சருகு எதையாவது மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

உரத்தில் ஒரு திருப்பம் இருக்கிறது, அதைக் கவனித்தால் போதும். கொடி ஓடும் வரை பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த மீன் அமிலம் லிட்டருக்கு ஐந்து மில்லி, கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்த கரைசல் என்று மாற்றி மாற்றிப் பத்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். பூக்கத் தொடங்கியதும் இந்தத் தழைச்சத்துச் சமாச்சாரங்களைக் குறைத்துவிட வேண்டும். தொடர்ந்து ஊற்றினால் இலை கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பெண் பூவைத் தேட வேண்டியிருக்கும். அப்போது செடிக்கு வேண்டியது சாம்பல் சத்து. விறகு அடுப்புச் சாம்பல் செடிக்கு ஒரு கைப்பிடி, இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம், அது மண்ணைக் காரமாக்கிவிடும். கூடவே செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரில் அற்புதம் நடக்கும் என்று சொல்வதையெல்லாம் நான் நம்புவதில்லை, தோலை மக்க வைத்து உரமாகப் போடுங்கள்.

கொடியை வெட்டிவிட வேண்டுமா? தரையில் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடட்டும். மாடியில் தலைக்கொடியையும் அடியிலிருந்து வரும் இரண்டு பக்கக் கொடிகளையும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பந்தலிலோ வலையிலோ ஏற்றுவதானால் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும், புடலை போல இது தானாக ஏறிப் பிடித்துக்கொள்ளாது.

பூக்கும் காலைகள்

விதைத்து ஐந்தாறு வாரத்தில் மஞ்சள் பூ வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. பூத்துப் பூத்து உதிர்வதைப் பார்த்துவிட்டு "பூ வருது, காயே நிக்கல" என்று மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ வரும், அதுவும் ஏழெட்டு ஆண் பூவுக்கு ஒன்று என்ற கணக்கில். பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: பூவுக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில், மெல்லிய ரோமத்தோடு, குட்டித் தர்பூசணியே இருக்கும். ஆண் பூவுக்குக் கீழே வெறும் காம்பு.

ஒரு பெண் பூ ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும், மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்தில் தேனீக்கள் பலமுறை வந்து போயிருந்தால்தான் காய் முழுமையாகப் பிடிக்கும். கிராமத்தில், வயல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இதில் வேலையே இல்லை. நகரத்தில் மூன்றாவது மாடியில் தேனீயை நம்பி இருக்க முடியாது, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பது மணிக்குள் போங்கள். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கியோ கிள்ளியோ எடுத்துவிட்டால் நடுவில் மகரந்தம் ஏறிய தண்டு தெரியும். விரலில் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் வேறு பூவை எடுங்கள். பெண் பூவின் நடுவில் சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும். அந்த மூன்றிலும், சுற்றி எல்லாப் பக்கமும், மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பி வரும், கோணல் காய்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ பயன்படுத்துவது நல்லது. முடித்ததும் அந்தக் காம்புக்குப் பக்கத்தில் கலர் நூல் கட்டி, தேதியை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். இந்தத் தேதி கடைசியில் பெரிய உதவியாக இருக்கும், தயவுசெய்து இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

பிடித்துவிட்டதா என்று மூன்று நான்கு நாளில் தெரிந்துவிடும். பிடித்த பிஞ்சு காம்பு வளைந்து கீழே பார்க்கும், பளபளப்பாகக் கண்ணுக்குத் தெரிந்து பெருக்கும். பிடிக்காதது மஞ்சளாகிச் சுருங்கி உதிரும். சில உதிர்வது இயல்புதான்.

அடியிலேயே, ஏழாவது எட்டாவது இலைக்குள் வரும் முதல் பெண் பூவை விட்டுவிட ஆசை வரும். அதைக் கிள்ளிவிடுங்கள். செடிக்கு அப்போது இலை போதாது, காய் சின்னதாகவும் தடித்த தோலாகவும் போகும், செடியின் வளர்ச்சியும் நின்றுவிடும். பத்தாவது இலைக்கு மேல் வரும் இரண்டாவது, மூன்றாவது பெண் பூவில் நிற்கும் காய்தான் நன்றாக வரும். பையில் இருக்கும் செடிக்கு ஒரு காய், தெம்பாக இருந்தால் இரண்டு. தரையில் இரண்டு மூன்று. காய் எலுமிச்சை அளவு தாண்டி நின்றுவிட்டதும் மற்றப் பிஞ்சுகளை எடுத்துவிடலாம், அந்தப் பிஞ்சு பொரியலுக்கு ஆகும்.

தேனீ வர வேண்டும் என்றால் பக்கத்தில் துளசி பூக்கட்டும், இரண்டு செண்டுமல்லி, ஒரு சூரியகாந்தி வையுங்கள். வேப்பெண்ணெய் உட்பட எதைத் தெளித்தாலும் பூ மூடிய பிறகு, மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

காயைக் காப்பது

காய் நின்றதும் முதல் எதிரி பழ ஈ. இளம் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும், குத்திய இடத்தில் பிசின் மாதிரி வடிந்து உறைந்திருக்கும், பத்து நாளில் காய் உள்ளே புழுத்து அழுகும். வெளியே பார்த்து மருந்து அடித்துப் பயனில்லை. மகரந்தம் சேர்த்த மறுநாளே பிஞ்சை ஒரு காகிதப் பையாலோ மெல்லிய துணிப் பையாலோ தளர்வாக மூடி, தோல் தடிக்கும் வரை இரண்டு வாரம் வைத்திருந்தாலே பெரும்பாலும் தப்பித்துவிடலாம். கூடவே, ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று. வாங்கும்போது கியூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். மாம்பழ ஈக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குத் தர்பூசணியைத் தாக்கும் ஈ வராது, கடையில் பல நேரம் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஈ குத்திய காயை உரக்குழியில் போடாதீர்கள், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் இரண்டு மூன்று நாள் போட்டுவிட்டுப் பிறகு ஆழமாகப் புதையுங்கள்.

அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் மூன்றுக்கும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைய கொஞ்சம் காதி சோப்பு, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் படும்படி. மஞ்சள் ஒட்டுப் பொறியோடு நீல நிறத்திலும் ஒன்று கட்டுங்கள், இலைப்பேனுக்கு நீலம் பிடிக்கும். இலைப்பேனை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது, ஏனென்றால் அது கொண்டுவரும் மொட்டுக் கருகல் நச்சுயிரிக்கு மருந்தே கிடையாது. கொடியின் நுனி நிமிர்ந்து, கணுக்கள் குறுகி, கருகத் தொடங்கினால் அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அதை விட்டுவைத்தால் பக்கத்தில் இருப்பதும் போகும். இலையில் வெள்ளைப் பொடி படர்வது சாம்பல் நோய், புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஆரம்பத்திலேயே தெளித்தால் கட்டுக்குள் வரும். இலையில் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு இருந்தால் அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் போதும்.

தரையில் கிடக்கும் காய்க்கு அடியில் வைக்கோலோ ஒரு ஓடோ வையுங்கள். மாடித் தளத்தில் நேராகப் படவிடாதீர்கள், ஏப்ரல் மாதச் சூட்டில் காயின் அடி வெந்துவிடும். பழைய கோணி, தென்னங்கீற்று, எது இருந்தாலும் விரிக்கலாம். பந்தலில் தொங்கும் காய் கிரிக்கெட் பந்து அளவு வந்ததும் வெங்காயம் வரும் வலைப் பையிலோ பழைய பனியன் துணியிலோ தொட்டில் கட்டி, கனம் முழுவதும் பந்தல் கம்பியில் ஏறும்படி செய்யுங்கள். காயின் மேல் நேர் வெயில் அடித்தால் தோல் வெளுத்துப் புண்ணாகும், இலை மறைக்கவில்லை என்றால் மேலே கொஞ்சம் வைக்கோல் போர்த்திவிடலாம். அணில், எலி, மயில் தொல்லை உள்ள இடத்தில் கம்பி வலைக் கூடையைக் கவிழ்த்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசிப் பத்து நாளும் அறுவடையும்

தர்பூசணி பறித்த பிறகு இனிக்காது. மாங்காயைப் போலப் பழுக்கப் போட முடியாது. கொடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். அதனால் அவசரப்பட்டு வெட்டுவதில்தான் பெரும்பாலான வீட்டுப் பழங்கள் வீணாகின்றன.

சுகர் பேபி மாதிரிச் சின்ன ரகங்கள் மகரந்தம் சேர்ந்ததிலிருந்து 30 முதல் 35 நாள் எடுக்கும், பெரிய ரகங்களுக்கு 40, 45 நாள் ஆகலாம். நூல் கட்டித் தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான். அந்தக் கணக்கில் 25ஆம் நாள் வாக்கில் காய் பெருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அப்போதிருந்து தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். தரையில் இருப்பதற்குக் கடைசி ஒரு வாரம் மிகக் கொஞ்சம் போதும், பையில் இருப்பதை முழுக்க நிறுத்தினால் கொடி செத்துவிடும், அதனால் வழக்கத்தில் பாதி. காலையில் இலை நிமிர்ந்தே இருக்க வேண்டும், அதுதான் அளவு. இந்த நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தால் காய் வெடிக்கவும், இனிப்பு நீர்த்துப் போகவும் வாய்ப்பு உண்டு. மழை வரும்போல் இருந்தால் வேர்ப்பகுதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்கலாம், ஏற்கெனவே முற்றியிருந்தால் மழைக்கு முன்பே வெட்டிவிடலாம்.

பழுத்ததற்கான அடையாளங்களில் நான் அதிகம் நம்புவது பற்றுச்சுருளை. காய்க் காம்பு கொடியில் சேரும் அதே கணுவில் ஒரு சுருள் இருக்கும். அது அடி வரை பழுப்பாகிக் காய்ந்திருக்க வேண்டும். பாதி பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அடுத்தது, தரையில் பட்டிருந்த அடிப்பக்கம். வெள்ளையாக இருந்தால் காய், வெண்ணெய் மஞ்சளாக மாறியிருந்தால் பழம். தோலின் மினுமினுப்பு போய் மங்கலாகியிருக்கும், நகத்தால் கீறினால் எளிதில் இறங்காது. தட்டிப் பார்ப்பது கடைசிதான். பிஞ்சு கணீரென்று ஒலிக்கும், பழுத்தது மந்தமாக, உள்ளே அதிர்வது போல ஒலிக்கும். இந்தக் காது பழகுவதற்குச் சில பழங்கள் ஆகும், தொங்கவிட்ட பழத்தில் அடி மஞ்சளும் சரியாகத் தெரியாது, அதனால் தேதி, சுருள், தோல் மூன்றும் ஒத்துவந்த பிறகே கத்தியை எடுங்கள். காம்பை இரண்டு அங்குலம் விட்டு வெட்டுங்கள், முறுக்கிப் பிடுங்க வேண்டாம்.

வெட்டாத பழம் நிழலில் இரண்டு வாரம் வரை இருக்கும். வெட்டியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தின்றுவிடுங்கள். உள்ளே நடுவில் பிளந்து குழியாக இருந்தால் பயப்பட வேண்டாம், மகரந்தம் குறைவாகச் சேர்ந்திருந்தாலும் காய் விட்டுவிட்டு வளர்ந்திருந்தாலும் அப்படி வரும், ருசியில் குறை இருக்காது. சதை இளஞ்சிவப்பாகவும் விதை வெள்ளையாகவும் இருந்தால் சீக்கிரம் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், அடுத்த பழத்துக்கு இன்னும் நான்கைந்து நாள் கொடுங்கள். தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை வீசாதீர்கள், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், மோர்க்குழம்புக்கும் அருமையாக இருக்கும்.

2025 கோடையில் தர்பூசணியில் நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, அறுவடை நேரத்தில் விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகள் வாங்க ஆளில்லாமல் தவித்தார்கள். சொந்தமாக ஒரு கொடி வளர்த்துப் பழம் வெட்டிய யாரும் அப்படிச் சுலபமாக நம்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். தக்காளியைச் சிவப்பாக்கும் அதே லைகோபீன் என்ற நிறமிதான் இதற்குள்ளும் இருக்கிறது, நன்றாக முற்றிய பழம் வெட்டியதும் கத்தியிலும் கையிலும் சிவப்பாக வடியத்தான் செய்யும். வீட்டுக் கொடியில் இரண்டு மூன்று பழம்தான் வரும், மீதிக் கோடைக்கு அவர்களிடம்தான் வாங்கப் போகிறோம்.

பழம் முடிந்த கொடியில் நோய் இல்லையென்றால் வெட்டி மக்க வையுங்கள், நச்சுயிரி வந்திருந்தால் அதை எரித்துவிடுவது நல்லது. அதே மண்ணில் அடுத்த வருடமும் தர்பூசணி, வெள்ளரி, பூசணி என்று இதே குடும்பத்தைப் போடாமல், சித்திரை கடைசியில் தட்டைப்பயறோ கொத்தவரையோ போட்டுவிடுங்கள். வாடல் நோய் மண்ணிலேயே தங்கும், இரண்டு மூன்று வருடம் இடம் மாற்றி மாற்றிப் போடுவதுதான் அதற்கு வழி. பைகளில் இருப்பவர்கள் அந்தக் கலவையைக் கொட்டிக் கிளறி, நல்ல வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, புதிதாகத் தொழு உரமும் டிரைக்கோடெர்மாவும் சேர்த்துக் கீரைக்குப் பயன்படுத்தலாம்.